மனையை விழுங்குவது இரண்டாவது கடன்

ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து, சூளகிரி, பாகலூர், பேரிகைப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போடலாமா என்று என்னைக் கேட்காத உறவினர்கள் குறைவு. விலை ஏறுமா என்பதற்கு என்னிடம் ஜோசியம் இல்லை. ஆனால் கேட்பவர் பணத்தை எங்கே புரட்டப் போகிறார் என்று தெரிந்தால், அந்த மனையை அவர் எத்தனை காலம் கையில் வைத்திருப்பார் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

வீட்டுக்கடனில் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 விழுக்காடும், 75 லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. காலி மனைக்கு வங்கிகள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரமும் தடையில்லாத தாய்ப்பத்திரத் தொடர்ச்சியும் இல்லையென்றால் பேச்சே எடுக்காது. பலரும் கவனிக்கத் தவறுவது, வங்கி பெரும்பாலும் பத்திரத்தில் காட்டிய தொகையைத்தான் கணக்கில் எடுக்கும், வாய்ப்பேச்சில் முடித்த விலையை அல்ல என்பதை. 20 லட்சத்துக்குப் பேசிய மனையை அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டி 12 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால், 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 9 லட்சம்தான். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என மேலும் 1,08,000 ரூபாயைச் சேர்த்தால், கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியது 12 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. (மீதியை ரொக்கமாகக் கொடுப்பதில் வருமான வரிச் சிக்கலும் உண்டு, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழலாம்.)

இந்த இடைவெளியை நிரப்ப வருவதுதான் இரண்டாவது கடன். வீட்டு நகை அடகுக்குப் போகிறது, தனிநபர் கடன் வருகிறது, அதுவும் போதாதபோது நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. 5 லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. காலி மனை வாடகை தருவதில்லை என்பதால் அத்தனையும் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி கட்டுபவர், பத்திரச் செலவையும் சேர்த்து அதைவிட வேகமாக விலை ஏறினால்தான் லாபம் பார்க்க முடியும். பேரிகைப் பக்கத்து மனை ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஏறும் என்று நான் நம்பவில்லை.

வங்கிக் கடனிலும் வட்டி அசையாமல் நிற்பதில்லை. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தது. 30 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 6.5 விழுக்காட்டில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 22,370 ரூபாய். அதே கடன் 9 விழுக்காடானால் சுமார் 26,990. தவணையை உயர்த்தாமல் விட்டால், முழு அசலுக்கும் மாத வட்டி மட்டுமே 22,500 ஆகிவிடும், பழைய தவணை அதற்கே போதாது. அப்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டின. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது; வங்கியிடமிருந்து இதைக் கேட்டுக் கடிதம் வந்தால் படிக்காமல் வைக்காதீர்கள்.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகும். பிறகு 60 நாள் அறிவிப்பு, அதன்பின் சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை. நான் பார்த்தவரை அந்தக் கட்டம் வரை போகிறவர்கள் சிலரே; பெரும்பாலோர் இரண்டு ரூபாய் வட்டிக்காரரின் நெருக்கடியில், அதற்கு முன்பே கிடைத்த விலைக்கு மனையைத் தள்ளிவிடுகிறார்கள்.

சொந்தப் பட்டா நிலம் இருப்பவர் வரைபட அனுமதி பெற்று, சிப்காட் தொழிலாளர்களுக்காக லைன் வீடு (வரிசையாகச் சிறு வாடகை வீடுகள்) கட்டக் கடன் வாங்குவது வேறு வகை. வாடகை முழுத் தவணையையும் அடைக்காது. ஆனால் ஒரு பகுதியையாவது தாங்கும். ஆண்டில் இரண்டு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள், வாடகையை வருமான வரிக் கணக்கிலும் காட்டுங்கள். அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.