ஒரே வருடம் வந்த வண்டி

ஓஹையோவில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் உதிரி பாகம் தேடிப் பிடிப்பது என் வேலை. மஸ்டாங், கமாரோ மாதிரி வண்டிகள் என்றால் கவலையில்லை. அவற்றின் பாகங்களில் பாதிக்கு மேல் புதிதாகவே செய்து விற்கிறார்கள். 1958 செவ்ரோலே உள்ளே வந்தால்தான் சனி பிடிக்கும். அந்த உடலமைப்பை ஒரே வருடம் விற்றுவிட்டு, 1959-இல் அடியோடு மாற்றிவிட்டார்கள். முன்பின் வருடத்து வண்டியிலிருந்து தகடு கழற்றிப் போட வழியே கிடையாது.

அந்த வருடத்து செவ்ரோலே மாடல்களில் எல்லோரும் இம்பாலாவைத்தான் தேடுவார்கள். நான் அதே வருடத்து, யாரும் சீந்தாத நாலு கதவு பிஸ்கேன் மாடலைக் கேட்பேன். பானெட்டும் முன்பக்க மட்கார்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். அலங்காரப் பட்டைக்கான துளைகள் இடம் மாறியிருக்கும், அடைத்துவிடலாம். பின்விளக்கில் மட்டும் இந்தப் பருப்பு வேகாது: இம்பாலாவுக்குப் பக்கத்துக்கு மூன்று, பிஸ்கேனுக்கு இரண்டு.

எந்த ஊர் வண்டி என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், தரைத்தகடு அப்பளமாகிவிடும். அரிசோனா வண்டியில் தகடு அப்படியே இருக்கும், ஆனால் வெயிலில் டாஷ்போர்டு வெடித்து, ரப்பர் பொடிந்து போயிருக்கும். அதனால் தகட்டை அங்கே வாங்குவேன், உள்சாமானை இங்கேயே தேடுவேன்.

அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் பெரிய பழைய பாகச் சந்தை கூடும். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். மட்கார்டின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தால், பட்டி பூசிய இடத்தில் பிடி விட்டுவிடும். விற்பவர் முகம் அப்போது கொஞ்சம் மாறும். சரி, அங்கிருந்துதான் பேரமே ஆரம்பிக்கும்.

இன்ஜின் பிளாக் என்றால் கம்பி பிரஷ் வேண்டும். கிரீஸைத் தேய்த்தால் வார்ப்புத் தேதி தெரியும். 'ஏ 14 8' என்றால் ஜனவரி 14; ஏ என்பது முதல் மாதம். 8 என்பது 1958-ஆ 1968-ஆ என்பதை மறுபக்கத்து வார்ப்பு எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக் என்றால், அது அந்த வண்டியோடு வந்ததாக இருக்க முடியாது; எவ்வளவு நன்றாக ஓடினாலும் கண்காட்சிப் போட்டிக்குத் தயார் செய்பவர் தொடமாட்டார். அதையும் விடமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை சும்மா ஓட்டிப் பார்க்க நினைக்கும் வாடிக்கையாளருக்கு அதுவே போதும், விலையும் நன்றாகக் குறையும்.