ஆண்டறிக்கையின் வரிக் குறிப்பை எப்படி வாசிப்பது

யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியம் எடுக்கும் ஒருவர் வங்கியில் நிலையான வைப்புப் போட்டிருந்தால், வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே வெட்டி இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2025 ஏப்ரல் 1 வரை அது 5 சதவீதம். ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாது என்று சுயபிரகடனம் எழுதிக் கொடுத்தால்தான் வெட்டாமல் விடுவார்கள். கஸ்தூரியார் வீதிக் கடையில் வாங்கும் சவர்க்காரத்தின் விலைக்குள்ளும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி ஒளிந்திருக்கிறது. கம்பனிகளுக்குப் பொதுவான வருமான வரி 30 சதவீதம். கேட்க வைப்புக்காரரை விடக் கூடுதலாகத் தெரியும். ஆனால் அவருக்குக் கையில் வருமுன்னே வெட்டு விழுகிறது. கம்பனிக்கு எல்லாச் செலவும் கழித்து மிஞ்சும் இலாபத்தில்தான் வரி. எவை செலவு என்று காட்டப்படுகின்றன என்பதில்தான் விசயமே இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். விற்பனை 1,000 மில்லியன், உண்மையான செலவு 800 மில்லியன் என்று வையுங்கள். இலாபம் 200, வரி 60 மில்லியன். இப்போது வெளிநாட்டுத் தாய்க்கம்பனி, தன் வியாபாரப் பெயரைப் பாவிப்பதற்கு விற்பனையில் 6 சதவீதம் உரிமப் பணம் கேட்கிறது: 60 மில்லியன் போய்விட்டது. அதே குழுமத்தின் இன்னொரு கம்பனி கொடுத்த கடனுக்கு வட்டி 50 மில்லியன். மிஞ்சும் இலாபம் 90, வரி 27 மில்லியன்தான். வெளிநாட்டுக்குப் போகும் உரிமப் பணத்தில் 14 சதவீதம், அனுப்பும்போதே வெட்டும் நிறுத்திவைத்தல் வரியாக, 8.4 மில்லியன் பிடிபடும். இருதரப்பு வரி ஒப்பந்தம் இருந்தால் அதுவும் குறையலாம். தொழிற்சாலை, தொழிலாளர், விற்பனை எதுவும் மாறவில்லை. மாறியது கடதாசி மட்டும்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. தொடர்பில்லாத இருவர் பேரம் பேசினால் என்ன விலை வருமோ அதே விலைதான் குழுமத்துக்குள்ளும் இருக்கவேண்டும் என்று 76, 77 ஆம் பிரிவுகள் சொல்கின்றன. வட்டிக் கழிவுக்கு 18 ஆம் பிரிவில் உச்சவரம்பு உண்டு. சிக்கல் எங்கே என்றால், ஒரு வியாபாரப் பெயருக்குச் சந்தையில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு விலை கிடையாது. 6 சதவீதம் கூடுதல் என்று நிரூபிப்பது அதிகாரிக்குப் பெரும்பாடு. பிரித்தானியாவில் ஸ்டார்பக்ஸ் செய்ததும் இதுதான்: ஆம்ஸ்டர்டாமுக்கு 6 சதவீத உரிமப் பணம், கோப்பிக் கொட்டை சுவிஸ் கம்பனி ஊடாக. 14 ஆண்டுகளில் 300 கோடி பவுணுக்கு மேல் விற்று, 86 இலட்சம் பவுண்தான் கம்பனி வரி கட்டியது என்பது 2012 இல் வெளிவந்தது. அதில் சட்டமீறல் எதுவும் இருக்கவில்லை.

இனி வாசிக்கும் முறை. கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பனியின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். முன்பக்கத்துப் படங்களையும் தலைவரின் உரையையும் தாண்டி நிதிக்கூற்றுகளுக்குப் போங்கள். இலாப நட்டக் கூற்றில் வரிக்கு முந்திய இலாபத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கும் ‘வருமான வரிச் செலவு’ உண்மையில் கட்டிய பணம் அல்ல; அதில் பிற்போடப்பட்ட வரியும், அதாவது இப்போது கட்டாமல் பிந்திய வருடங்களுக்கெனக் கணக்கில் மட்டும் காட்டும் வரியும், கலந்திருக்கும். கட்டிய தொகை காசுப்பாய்ச்சல் கூற்றில் தனி உருப்படியாக இருக்கும். அதை வரிக்கு முந்திய இலாபத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

ஒரு வருடத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பிழைக்கும். நம் வரியாண்டு மார்ச் 31 இல் முடிந்தாலும் நான்காம் தவணை மே 15 இலும் மிகுதி செப்டெம்பர் 30 இலும்தான் கட்டப்படுகிறது. ஆகவே ஒரு வருட இலாபத்தின் வரியில் ஒரு பகுதி அடுத்த வருடக் காசுப்பாய்ச்சலில் விழும். ஐந்து வருடத் தொகைகளைக் கூட்டிப் பிறகு வகுத்தால் படம் தெளியும். ‘குழுமம்’, ‘கம்பனி’ என்று இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்றின் இலாபத்தை மற்றதன் வரியோடு சேர்த்துவிடாதீர்கள்.

விடை 30 சதவீதத்திலிருந்து வெகுவாகக் கீழே நின்றால் வரிக் குறிப்புக்குப் போங்கள். கணக்கீட்டு இலாபம் எப்படி வரிக்குரிய இலாபமாக மாறியது என்று அங்கே படிப்படியாகக் காட்டியிருப்பார்கள். முன்னைய நட்டம் கழிக்கப்பட்டிருந்தால் அது நியாயமே. ஆறு வருடம் வரை கொண்டுபோகச் சட்டம் இடம்கொடுக்கிறது. விலக்களிக்கப்பட்ட வருமானம் பெரிதாக இருந்தால் வரி விடுமுறை, அதாவது குறித்த ஆண்டுகளுக்கு வரி விலக்கு, ஒன்று இருக்கக்கூடும். இந்த இரண்டும் இல்லாமல் இலாபமே மெலிந்து கிடந்தால், தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல் குறிப்பைப் பாருங்கள். உரிமப் பணம், முகாமைக் கட்டணம், வட்டி எல்லாம் யாருக்கு எவ்வளவு என்று அங்கே பெயரோடு இருக்கும். என்னைக் கேட்டால் முழு அறிக்கையிலும் முதலில் படிக்கவேண்டிய பக்கம் அது.

‘அரசுக்கு எமது பங்களிப்பு’ என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை போடுவார்கள். அதை நம்பி ஏமாறக்கூடாது. அதற்குள் வற், சுங்கம், ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வரி எல்லாம் சேர்ந்திருக்கலாம். வற் வரியின் சுமை கடையில் வாங்கியவர் தலையில். கம்பனி வசூலித்துக் கொடுத்தது மட்டும்தான். பட்டியலிடப்படாத தனியார் கம்பனி என்றால் இந்த வழியே அடைபட்டுவிடும். இங்கே இயங்கும் பல பன்னாட்டுக் கம்பனிகள் அந்த வகைதான்.

வரி விடுமுறை வேறு கதை. மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 ஆண்டுகள் வரையும், 2021 ஆம் ஆண்டின் கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 40 ஆண்டுகள் வரையும் விலக்களிக்க இடம் வைத்தன. அதே 2021 ஒக்டோபரில், ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேற்பட்ட குழுமங்கள் எங்கே இயங்கினாலும் குறைந்தது 15 சதவீதம் கட்டவேண்டும் என்று 136 நாடுகள் இணங்கின. பேச்சுவார்த்தையில் இருந்தும் அப்போது சேராத நான்கு நாடுகளில் இலங்கையும் ஒன்று. மற்றவை பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா. ஆனால் சேராமல் விட்டதால் நமக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த விதியைச் சட்டமாக்கிய நாட்டில் தாய்க்கம்பனி இருந்தால், இங்கே நாம் அறவிடாமல் விட்டதை அந்த நாடே அறவிடலாம். அப்போது கொழும்பு கொடுத்த சலுகை இன்னொரு நாட்டின் திறைசேரிக்குப் போய்ச் சேரும். முதலீட்டுச் சபை ஊடாகவும் மூலோபாயச் சட்டத்தின் கீழும் விலக்குப் பெற்ற கம்பனிகளின் பட்டியலை வெளியிடுவது, சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டத்தில் அரசு ஒப்புக்கொண்ட விடயங்களில் ஒன்று. அந்தப் பட்டியலைத் தேடி எடுத்து, பெயர்களுக்கு எதிரே உள்ள தொகைகளை வாசியுங்கள்.