மாமா எழுந்து போகாத படம்

துப்பறியும் படம் போட்டால் மாமா பத்தே நிமிடத்தில் எழுந்துவிடுவார். சிங்கப்பூர்க் காவல்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். “வாக்குமூலத்தை இப்படியா வாங்குவார்கள்?” என்று முணுமுணுத்தபடி தேநீர் குடிக்கக் கீழே காப்பிக்கடைக்குப் போய்விடுவார். தோ பாயோ வீட்டில் அவரைக் கடைசிவரை உட்கார வைத்த ஒரே படம், 2009-இல் வந்த அர்ஜென்டினப் படமான ‘தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்’.

ஓய்வுபெற்ற நீதிமன்றப் புலனாய்வாளர் எஸ்போசிட்டோ, 1974-ஆம் ஆண்டுக் கொலை வழக்கு ஒன்றை நாவலாக எழுத உட்காருகிறார். சந்தேகத்தைக் கிளப்புவது கைரேகை அல்ல. பழைய புகைப்படங்களில் ஒருவன், கொலையான பெண்ணைப் பார்க்கும் பார்வை. அவன் கடிதங்களில் வரும் பெயர்களெல்லாம் ராசிங் அணியின் கால்பந்து வீரர்கள் என்று தெரிந்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். வானத்திலிருந்து அரங்கத்துக்குள் இறங்கி, கூட்டத்தில் அவனைத் துரத்தும் அந்த ஒரே நீளக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்.

பிடிபட்டவனை அரசே வெளியே விட்டுத் தன் அடியாளாக வைத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. முதுமை ஒப்பனை எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. 2015-இல் ஹாலிவுட் மறுபடி எடுத்ததைத் தேடாதீர்கள், இதையே பாருங்கள்.