பழைய வோல்வோவில் பிரீதர் அடைப்பு: பெட்டியை மட்டும் மாற்றினால் தீராது

850, எஸ்70, வி70, முதல் தலைமுறை எஸ்60 என வோல்வோவின் ஐந்து சிலிண்டர் பெட்ரோல் கார்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. எஞ்சின் முரட்டு உழைப்பாளி. ஆனால் முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டிருந்தால் முதலில் அடி வாங்குவது கிராங்க்கேஸ் பிரீதர்தான், அதாவது எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் அமைப்பு. பெயின்ட், சீட், பாட்டு சிஸ்டம் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

மூடியைத் திறந்ததும் வாய் மேல் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை விரித்துப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் பிரீதர் வேலை செய்கிறது. பலூன் மாதிரி உப்பினால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி நிற்கிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் குழாயில் புகை வருவதும், டிப்ஸ்டிக் தானாகவே மேலே எழும்பி நிற்பதும் இதே கதைதான். விற்கிறவர் "பழைய எஞ்சின்னா கொஞ்சம் புகை இருக்கும் சார்" என்பார். பிரீதர் சரியாக இருக்கும் பழைய எஞ்சினில் அந்தப் புகை வெளியே தெரியாது, உள்ளே இழுபட்டுப் போய்விடும்.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். மெக்கானிக்குகள் புளோபை என்பது இதைத்தான். அதில் நீராவி, எரியாத பெட்ரோல், அமிலம் எல்லாம் கலந்திருக்கும். அதை இன்டேக்கின் (எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையின்) உறிஞ்சலால் இழுத்து மறுபடி எரிப்பதுதான் பிரீதரின் வேலை. கலிபோர்னியாவில் 1960-களின் தொடக்கத்திலேயே இது கட்டாயமாகிவிட்டது. வோல்வோவில் இந்த வாயு முதலில் ஆயில் ட்ராப் என்கிற கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழையும். உள்ளே இருக்கும் தடுப்புகளில் மோதி ஆயில் துளிகள் பிரிந்து, கீழ்த் துளை வழியே எஞ்சின் பிளாக்குக்குள் வடிந்து, அடியில் ஆயில் தங்கும் தட்டான சம்புக்குப் போகும். வாயு மட்டும் மேல் ஹோஸ் வழியே இன்டேக்குக்குப் போகும்.

இந்தப் பெட்டி இருக்கும் இடம்தான் வினை. எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, இன்டேக் பக்கம் ரேடியேட்டரைப் பார்த்திருக்கிறது. பெட்டியோ சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாக்கின் முன்முகத்தில் தொங்குகிறது. எதிர்க்காற்று அங்கே அடிப்பதால் நீராவி அங்கேயே குளிர்ந்து தண்ணீராகிறது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் ஆயில் முழுச்சூடு ஏறுவதே இல்லை. அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் தங்கி, தேய்ந்த ஆயிலோடு சேர்ந்து கெட்டியாகி, கருப்பட்டிப் பாகு இறுகிய மாதிரி கீழ்த் துளையை மூடிவிடும்.

ஆயில் மூடிக்கு அடியில் வெளிர் மஞ்சள் நுரை இருந்தால் பெரும்பாலும் குளிர் ஓட்டத்தின் நீராவிதான். ஆனாலும் கூலன்ட் குறைகிறதா என்று பார்த்து ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விரலால் வழித்தால் தார் மாதிரி ஒட்டும் கறுப்புக் கசடு என்றால் ஆயில் பல ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது வகைதான் செலவு வைக்கும்.

அடைப்பை விட்டுவைத்தால் அழுத்தம் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பின்பக்க கிராங்க் சீல் போனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். முன்பக்க கேம் சீல் கசிந்தால் ஆயில் நேராக டைமிங் பெல்ட்டில் விழும். பெல்ட் அறுந்தால் இந்த எஞ்சினில் பிஸ்டன் வால்வில் மோதும்; அப்புறம் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

வேலையில் இறங்கும் முன் வாங்கி வைக்க வேண்டியவை: ஆயில் ட்ராப் பெட்டி, உங்கள் வருட மாடலுக்கான முழு ஹோஸ் செட், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், புது கிளாம்புகள், ஆயில், ஆயில் ஃபில்டர். பெட்டி சில வருடங்களில் குட்டி ஹோஸ்கள் வழியாகவும் சிலவற்றில் சீல் வழியாகவும் பிளாக்கோடு சேர்கிறது. அதனால் சேஸிஸ் எண்ணைச் சொல்லியே பாகம் கேளுங்கள். பழைய பெட்டியைக் கழுவிப் பொருத்தாதீர்கள். உள் தடுப்புகள் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. மிச்சம் பிடிக்கும் காசு இன்னொரு முறை மேனிஃபோல்ட் கழற்றும் கூலியில் போய்விடும்.

எஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கைக்கு நேர் கீழே இருக்கிறது, அதனால் இதைத் தவிர்க்க முடியாது. ஃப்யூயல் பிரஷரை இறக்கிவிட்டு இன்ஜெக்டர்களோடு சேர்த்து பெட்ரோல் ரெயிலை அப்படியே தூக்கி ஓரமாக வையுங்கள். த்ராட்டில் பாடிக்கு வரும் ஹோஸ், வேக்கம் லைன்கள், கனெக்டர்கள், டிப்ஸ்டிக் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட், மேனிஃபோல்டின் அடித்தாங்கி எல்லாம் கழல வேண்டும். ரேடியேட்டர் ஃபேனை எடுத்துவிட்டால் முன்பக்கமிருந்து கை தாராளமாகப் போகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மேனிஃபோல்டின் மேல்வரிசை போல்ட்டுகளை முழுக்க எடுக்க வேண்டும். கீழ்வரிசைத் துளைகள் அடிப்பக்கம் திறந்தவை, அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினாலே மேனிஃபோல்ட் மேலே வந்துவிடும். வந்ததும் ஹெட்டின் ஐந்து இன்டேக் வாய்களிலும் சுத்தமான துணியை அடையுங்கள். அதில் ஒரு கிளாம்ப் ஸ்க்ரூ விழுந்தால் நாள் போய்விடும்.

பெட்டியைக் கழற்றும்போது பக்கத்தில் இருக்கும் நாக் சென்சார் வயர்களை இழுத்துவிடாதீர்கள். பெட்டி வந்ததும் பிளாக்கில் இரண்டு துளைகள் தெரியும். பலர் இங்கேதான் வேலையைக் கெடுக்கிறார்கள். கீழ்த் துளையில் கசடு இறுகியிருப்பதைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரால் உள்ளே குத்தித் தள்ளிவிட்டு, புதுப் பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். கையுறைச் சோதனையும் பாஸ் ஆகும். ஆனால் குத்தித் தள்ளிய கட்டி சம்புக்குள் விழுந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் ஆயில் லைட் மினுங்கும். பிரீதரைச் சரிசெய்யப்போய் பேரிங்கைத் தின்ற கதையாகிவிடும்.

கசடை வெளியே எடுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. வேக்கம் கிளீனர் முனையில் மெல்லிய குழாயை டேப் சுற்றிப் பொருத்தி, துளை வாயிலேயே பிடித்துக்கொண்டு, நீளமான டிரில் பிட்டைக் கையாலேயே திருகிச் சுரண்டுங்கள். டிரில் மெஷின் வேண்டாம், பிளாக் அலுமினியம். துளை பாதி அளவுக்குத் திறக்கும்வரை எந்தக் கரைப்பானும் ஊற்றாமல் உலர்வாகவே சுரண்டுவது நல்லது; ஊற்றினால் கசடு சேறாகி உள்ளே வழியும். பிரேக் கிளீனர் ஆவி இருக்கும் இடத்தில் வேக்கம் கிளீனரை ஓட்டினால் தீப்பிடிக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

சுரண்டி முடித்ததும் ஒரு சோதனை. 100 மில்லி புது ஆயிலைச் சூடுபடுத்தி, சிறு புனலும் குழாயும் வைத்துக் கீழ்த் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். தடையில்லாமல் இறங்கினால் பாதை திறந்திருக்கிறது. எதுக்களித்துத் திரும்பி வந்தால் அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது, சம்பைக் கழற்றியே ஆக வேண்டும். மூடிக்கு அடியில் தார்க் கசடு பார்த்த காரில் இந்தச் சோதனை பாஸ் ஆனாலும் சம்பைக் கழற்றச் சொல்வேன். ஸ்ட்ரெய்னர் வலையைக் கண்ணால் பார்க்காமல் அந்த எஞ்சினை நம்ப முடியாது.

சம்பை இறக்கினால் ஆயில் பாதைகளுக்கான ஓ-ரிங்குகள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அவை தட்டையாகிவிட்டால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும், சூடானபின் டேப்பெட் டிக் டிக் என்று சத்தம் போடும். சம்பில் கேஸ்கட் கிடையாது, லிக்விட் சீலர்தான். குட்டி ரோலரால் மெல்லிய படலமாகத் தேய்க்க வேண்டும். டியூபிலிருந்து சிலிக்கானைக் கயிறு மாதிரி பிதுக்கிவைத்தால் உள்ளே பிதுங்குவது அறுந்து, நீங்கள் கழுவிய அதே வலையில்தான் போய் அடைக்கும்.

திரும்ப மாட்டும்போது மேனிஃபோல்டை மேசையில் வைத்து, பிரீதர் லைன் சேரும் பாஞ்சோ போல்ட்டின் (நடுவில் துளையுள்ள போல்ட்) துளையைப் பாருங்கள். டர்போ இல்லாத சில மாடல்களில் அந்த இடத்தில் சிறு நிப்பிள் இருக்கும். ஊசி நுழையும் அளவே உள்ள அந்தத் துளை கார்பனால் மூடியிருந்தால் ஐடிலில் உறிஞ்சலே இருக்காது, புதுப் பெட்டியும் தண்டம். டர்போ மாடலில் ஏர் பைப்புக்குப் போகும் மேல் ஹோஸின் முனையையும் பாருங்கள். பூஸ்ட் ஏறும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் இருக்கும், வாயு அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

கேஸ்கட் புதிது. போல்ட்டுகள் 20 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து ஓரத்துக்கு. இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளில் துளி ஆயில் தடவி அழுத்துங்கள், உலர்வாகத் திணித்தால் கிழிந்து பெட்ரோல் கசியும்.

ஸ்டார்ட் செய்து சூடானதும் கையுறையை மறுபடி வையுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கண்ணாடி மாதிரி தெளிந்த ஹோஸை யு வடிவில் அட்டையில் ஒட்டி, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் இறுக்கமாகச் செருகுங்கள். எஞ்சின் பக்கத் தண்ணீர் ஏறினால் உறிஞ்சல், இறங்கினால் அழுத்தம். இரு மட்டங்களுக்கும் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 10 மில்லிபார். ஐடிலில் மட்டும் பார்க்காமல் 3000 ஆர்பிஎம் வரை ஏற்றியும் பாருங்கள். அரைகுறை அடைப்பு அங்கேதான் மாட்டும். எல்லாம் புதிதாகியும் அழுத்தம் காட்டினால் ரிங் தேய்மானம். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து, சிலிண்டர்களுக்குள் 2 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா பாருங்கள்.

ஹோஸைக் கழற்றி வெளிக்காற்றில் திறந்துவிட்டு, முனையில் குட்டி ஃபில்டர் மாட்டும் வழக்கமும் உண்டு. உறிஞ்சல் இல்லாமல் நீராவி உள்ளேயே தங்கும், கசடு முன்னைவிட வேகமாகச் சேரும்.

கடுமையான ஃப்ளஷ் திரவங்களையும் இந்த எஞ்சினில் ஊற்றாதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பெயர்த்து ஸ்ட்ரெய்னரில் கொட்டிவிடும். நல்ல முழு சிந்தெடிக் ஆயிலை 1500 கிலோமீட்டரில் ஒரு முறை, அடுத்து 3000-இல் ஒரு முறை ஃபில்டரோடு மாற்றுங்கள். அதற்கப்புறம் 8000-க்கு மேல் போக வேண்டாம். கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கறுப்புத் துகள் குறைந்துகொண்டே வந்தால் நல்லது. உலோக மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் பேச ஆரம்பித்துவிட்டது.

சீல் கசிவு ஏற்கெனவே இருந்தால் அவசரப்பட்டு கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். அடிப்பக்கத்தை முழுக்கக் கழுவித் துடைத்து, 1000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் போனதும் பல சீல்கள் கசிவதை நிறுத்திவிடும். கேம் சீல் மட்டும் விதிவிலக்கு: பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தால் காத்திருக்கக் கூடாது, சீலும் பெல்ட்டும் உடனே.