கண்ட்ரோல் எஸ் மட்டும் போதாது

சிங்கப்பூரில் கரண்ட் போகாது. திருச்சியில் அண்ணன் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது, இங்கே யாராவது யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற பேட்டரிப் பெட்டி) வாங்கினேன் என்று சொன்னால் "எதுக்கு?" என்பார்கள். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் ஜூரோங், பூன் லே, கிளமெண்டி பக்கமெல்லாம் கொஞ்ச நேரம் இருட்டானதே, அதை இன்னும் ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வீட்டுக்குள் போகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் டிபி பாக்ஸில், அதாவது வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில், ஆர்சிசிபி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். உள்ளே போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சரிசமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லிஆம்பியர் எங்காவது கசிந்தால் பட்டென்று விழுந்துவிடும். உயிர் காக்கிற சாமான். 2025 ஜூலையிலிருந்து எல்லா வீட்டிலும் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அது விழுந்தால் ஓர் அறை மட்டும் அணையாது, மொத்த வீடும் அணையும், அவ்வளவுதான்.

அன்று அதை விழவைத்தது குளியலறை ஹீட்டர். அத்தை குளிக்கப் போய் சுவிட்சைப் போட்ட நேரம், நான் ஒரு சிறுவர் புத்தகத்துக்கான படத்தைச் சேமித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், சேமித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ட்ரோல் எஸ் அழுத்தியாகிவிட்டது, கீழே சின்னப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பட்டை பாதி தாண்டவில்லை, திரை கறுப்பு. "ஏம்மா, லைட்டு போச்சு, டிபியக் கொஞ்சம் பாரு" என்று உள்ளேயிருந்து குரல்.

படம், கேம்பல் லேனில் ஒரு பூக்கடை. தொங்குகிற மாலைகளுக்குப் பின்னால் கடைக்காரர் முகம் பாதிதான் தெரியும். மல்லிச் சரத்தை மொத்தமாக வெள்ளை பூசி ஏமாற்றாமல் மொட்டு மொட்டாக வரைந்து, ஒவ்வொன்றின் காம்புப் பக்கமும் லேசாகப் பச்சை வைத்திருந்தேன். அந்தப் பச்சைக்கென்றே தனி லேயர், படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு.

கரண்ட் வந்ததும் பார்த்தேன். கோப்பு இருந்தது. திறக்கவில்லை. தானியங்கிச் சேமிப்பு வைத்திருந்த நகலைத் தேடிப் பிடித்தேன்; அது ரொம்பப் பழையது. கூரை இருக்கிறது, பலகை இருக்கிறது, கடைக்காரர் இருக்கிறார், மாலைகளே இல்லை. பூ இல்லாத பூக்கடை.

நண்பர்கள் எல்லாரும் ஒரே ஆறுதல்தான் சொன்னார்கள்: அடிக்கடி சேவ் பண்ணு. சேவ் பண்ணும்போதுதானே போச்சு! இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. சில மென்பொருள்கள் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும். எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. போதாததற்கு, சில ஓவியக் கோப்புகள் உள்ளுக்குள் ஜிப் வகைதான், பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டியது. க்ரிட்டா என்கிற ஓவிய மென்பொருளின் கேஆர்ஏ கோப்பும் அப்படித்தான். ஜிப்பில் பொருளடக்கம் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்ற கோப்பில் எல்லா லேயரும் இருந்தால்கூட, எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

மறுபடி வரைந்தால் முன்னதைவிட நன்றாக வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை. கடைக்காரர் கண்ணில் முதலில் ஒரு சாயங்காலச் சலிப்பு இருந்தது, இரண்டாவதில் அவர் சும்மா பார்க்கிறார். பதிப்பாளருக்கு அது தெரியாது. புத்தகமும் வந்துவிட்டது.

சரி, என்ன மாற்றினேன் என்றால், ஒரே பெயரில் சேமிப்பதை விட்டுவிட்டேன். கோட்டுப் படம் முடிந்தால் ஒரு கோப்பு, அடிவண்ணம் முடிந்தால் அடுத்த எண்ணில் இன்னொன்று. இப்போது க்ரிட்டாவில்தான் வரைகிறேன். அதில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பழையதைத் தொடாமல் தானே அடுத்த எண் போட்டுச் சேமிக்கும். சாதாரணமாகச் சேமித்தாலும் முந்தைய பிரதியைப் பெயருக்குப் பின்னால் ஓர் அலைக்குறியோடு தனியே வைத்துக்கொள்ளும். வட்டில் இடம் அடைக்கிறது என்று முனகுகிறவர்கள் உண்டு. படம் முடிந்து பணமும் கைக்கு வந்த பிறகு நடுவில் இருப்பவற்றை அழித்துக்கொள்ளலாமே.

ஐபேடில் ப்ரோகிரியேட் என்கிற ஓவியச் செயலி வைத்திருப்பவர்கள் "எங்களுக்கு சேவ் பொத்தானே கிடையாது" என்று பெருமைப்படுவார்கள். தானாகவே சேமிக்கிறது, உண்மைதான். நீங்கள் கெடுத்ததையும் சேர்த்துத்தான் சேமிக்கிறது. படங்களெல்லாம் வரிசையாக இருக்கும் கேலரிக்குத் திரும்பிவிட்டால், செய்ததைத் திரும்பப் பெறுகிற அன்டூ எல்லாம் போய்விடும். பெரிதாக எதையாவது மாற்றுவதற்கு முன் கேலரியிலேயே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

இணையத்தில் நகல் வைக்கிற கிளவுட் இருக்கிறதே என்று நானும் நினைத்ததுண்டு. அது கண்ணாடி மாதிரி. இங்கே கோப்பு கெட்டால் அங்கேயும் கெட்டதுதான் தெரியும். காப்பாற்றுவது அதன் பழைய பதிப்புகள் மட்டுமே. டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் அவை 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தாக வேண்டும். அதனால் வாரக் கடைசியில் ஒரு வெளி எஸ்எஸ்டியிலும் நகல் எடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். செருகியே வைத்திருந்தால் அது நகல் இல்லை, இன்னொரு டிரைவ்.

யூபிஎஸ்ஸும் வாங்கினேன், சிம் லிம் ஸ்குவேரில். கடைக்காரர் "மீன் தொட்டிக்கா?" என்று கேட்டார். கணினியையும் வரைகிற திரையையும் மட்டும் அதில் மாட்டியிருக்கிறேன். சில நிமிடம் தாங்கினால் எனக்குப் போதும். மடிக்கணினியில் வரைகிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், அதன் பேட்டரியே யூபிஎஸ்தான். அப்புறம் ஹீட்டரையும் மாற்றியாச்சு, அத்தை இன்னும் சுவிட்ச் போடுவதற்கு முன் "போடட்டுமா?" என்று கத்திக் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, தமிழில் போஸ்டர் செய்கிறவர்களுக்கு. நகல் இருந்தால் மட்டும் ஆகாது, திறந்தும் பார்க்கவேண்டும். ஒரு பழைய தீபாவளி வாழ்த்தைப் புதுக் கணினியில் திறந்தேன். படம் பத்திரம், விளக்கு பத்திரம், எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடந்தது. பாமினி எழுத்துருவில் தட்டியது; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துக் காட்டுகிற பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. இப்போது படத்தோடு எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டுவிடுகிறேன், எழுத்தைப் படமாக மாற்றிய ஒரு பிஎன்ஜியும் கூடவே.