காட்டுத்தீப் பாடம்: நிமிடத்தைச் செக்கனாக்கிவிட்டுப் பெருக்குங்கள்

பெறுபேறு வந்து மனம் ஆறியிருக்கிறது. அடுத்த முறை காட்டுத்தீச் சூழலியலும் முகாமைத்துவமும் எடுக்கும் தம்பி தங்கச்சிமாருக்காகச் சூட்டோடு சூடாக இதை எழுதுகிறேன். வினாத்தாள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நேரே கணக்குக்கு வருகிறேன். புள்ளி பறிபோவது அங்கேதான்.

தீ ஆய்வாளர் பைரம் 1959இல் தந்த சமன்பாடு: தீச்செறிவு (தீமுனையின் ஒவ்வொரு மீற்றரிலிருந்தும் செக்கனுக்கு வெளிவரும் சக்தி) = எரிபொருளின் வெப்பப் பெறுமானம் × எரிந்த எரிபொருளின் நிறை × பரவல் வேகம். மூன்றைப் பெருக்குவது சின்னப் பிள்ளைக்கும் வரும். அலகில்தான் சறுக்கும். எரிபொருளை ஹெக்டயருக்கு இத்தனை தொன் என்றும், வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீற்றர் என்றும் தருவார்கள். சமன்பாட்டுக்கு வேண்டியதோ சதுர மீற்றருக்குக் கிலோகிராமும், செக்கனுக்கு மீற்றரும்.

இடுப்பளவு காய்ந்த கினிப்புல், ஹெக்டயருக்கு 5 தொன், தீ நிமிடத்துக்கு 3 மீற்றர் பரவுகிறது என்று வைப்போம். 5 தொன்னைப் பத்தால் வகுத்தால் 0.5. 3ஐ 60ஆல் வகுத்தால் 0.05. வெப்பப் பெறுமானம் கிலோவுக்கு 18,000 கிலோயூல். பெருக்கினால் மீற்றருக்கு 450 கிலோவாற்று. இதன் 0.46ஆம் அடுக்கை 0.0775ஆல் பெருக்கினால் சுவாலை நீளம் கிட்டத்தட்ட 1.3 மீற்றர்.

60ஆல் வகுக்க மறந்தால் செறிவு 27,000 ஆகும், சுவாலை எட்டரை மீற்றர் எழும். இடுப்பளவுப் புல்லில், இந்த வேகத்தில், வீட்டு முகட்டைத் தாண்டிச் சுவாலை வருமா? விடை வந்ததும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பிழை விடையுடன் அடுத்த பகுதிக்குப் போனால் அங்கும் அடிதான். சுவாலை 1.2 மீற்றருக்குள் நின்றால் கைக்கருவிகளுடன் தீயின் தலையிலேயே, அதாவது வேகமாக முன்னேறும் முனையிலேயே, நின்று அடிக்கலாம். 1.2 தொடக்கம் 2.4 வரை தலையில் ஆள் நிற்கக் கூடாது, இயந்திரமும் நீர்ப்பம்பியும் வேண்டும். 3.4ஐத் தாண்டினால் தலைப்பக்க முயற்சி பலிக்காது. நமது 1.3க்குச் சரியான பதில், எரிந்து முடிந்த வால் பக்கத்தில் (தீயின் பின்முனையில்) நங்கூரமிட்டு, அதாவது அங்கிருந்து பாதுகாப்பாகத் தொடங்கி, இரு விலாவையும் (பக்க ஓரங்களையும்) அணைத்துக்கொண்டு தலையை நெருக்குவது.

எரிபொருளின் ஈரப்பதன் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. நீரின் நிறையை உலர்ந்த நிறையால் வகுக்க வேண்டும். 130 கிராம் மாதிரி அடுப்பில் உலர்ந்து 100 ஆனால் ஈரப்பதன் 30%. ஈர நிறையால் வகுத்தால் 23% என்று பிழையாக வரும்.

காய்ந்த எரிபொருளின் தாமத நேர வகுப்புகளை விட்டத்தோடு (மில்லிமீற்றரில்) சேர்த்துப் பாடமாக்குங்கள்:
1 மணி: 6 மில்லிமீற்றருக்குள், புல்லும் சருகும்.
10 மணி: 6–25, சுள்ளி.
100 மணி: 25–75, கொப்பு.
1000 மணி: 75–200, கட்டை.
எரிபொருளின் ஈரப்பதனுக்கும், சுற்றியுள்ள காற்றோடு அது ஒத்துப்போகும் சமநிலை ஈரப்பதனுக்கும் உள்ள இடைவெளியில் 63% கடக்க எடுக்கும் நேரம்தான் தாமத நேரம். இதை வயல் வரம்பிலேயே பார்க்கலாம். ஆடி மாதம் காலை ஆறு மணிக்கு ஒரு பிடி வைக்கோலை முறுக்கினால் சத்தமில்லாமல் வளையும். பின்னேரம் இரண்டு மணிக்கு அதே வைக்கோல் படக்கென்று முறியும். பக்கத்தில் கிடக்கும் முதிரைக் கட்டைக்கோ அந்த எட்டு மணித்தியாலம் தெரியவே தெரியாது.

சூழலியல் பகுதியில் செறிவையும் கடுமையையும் குழப்பாதீர்கள். செறிவு, எரியும்போது வெளிவரும் சக்தி. கடுமை, எரிந்த பிறகு மண்ணிலும் தாவரத்திலும் மிஞ்சும் பாதிப்பு. அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மேடு புகைவதைப் பார்த்திருப்பீர்கள். சுவாலை இல்லை, ஆனால் உள்ளே நாள்கணக்கில் கனன்று அடிமண்ணைச் சுட்டுவிடும். செறிவு குறைந்தும் கடுமை கூடிய தீ அது. உக்கிய சருகு தடித்த இடத்தில் வேரும் விதையும் சாவது இப்படித்தான்.

உதாரணத்தை ஊரிலிருந்து எடுங்கள். இலங்கையில் 1954இல் பிரகடனமான கல்லோயாத் தேசியப் பூங்காவின் புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி நிற்கின்றன. அடிக்கடி தீ கண்டும் நிலைக்கும் தாவரக் கூட்டம் அது. பாலையும் வீரையும் நிற்கும் உலர் கலப்புக் காட்டுக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை. அங்கே தீ திரும்பத் திரும்ப வந்தால் விதானம் திறந்து, புல் நுழைந்து, அந்தப் புல்லே அடுத்த தீக்கு எரிபொருளாகிறது. சூட்டில் கூம்பு திறக்கும் பைன் மரக் கதையை இங்கே ஒட்ட வேண்டாம். அது 1988இல் எரிந்த அமெரிக்காவின் யெலோஸ்டோன் போன்ற காடுகளுக்கு உரியது. காரணம் கேட்டால் மின்னலை முன்னுக்கு வைக்காதீர்கள். இங்கே தீ வருவது இளம்புல்லுக்காகவும் வேட்டைக்காகவும் வைப்பதாலும், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனையில் வைக்கும் தீ கைமீறுவதாலும்.

காற்றுக்குப் படம் கீறியே பதில் எழுதுங்கள். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) மலைநாட்டில் மழையை விட்டுவிட்டு, உலர்ந்து சூடாகி, மேற்கிலிருந்து கிழக்கிலங்கையில் நம் பக்கம் இறங்குகிறது. தீயின் தலை கிழக்கே ஓடும். கரையை அண்டிய இடத்தில் பின்னேரம் கடற்காற்று ஏறினால் தலையும் வாலும் இடம் மாறும். காற்று குறுக்கே திரும்பினால் நீண்ட விலா முழுவதும் தலையாகிவிடும், இதுதான் ஆளைக் கொல்லும். சரிவு வந்தால், ஏறுமுகமாக ஒவ்வொரு 10 பாகைக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்று எழுதுங்கள்.

தீயை மறிக்க எரிபொருளை அகற்றி வெட்டும் தடைக்கோட்டின் அகலம் பக்கத்து எரிபொருளின் உயரத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. வெறும் மண் தெரியும்வரை சுரண்ட வேண்டும், வேர் ஒன்று குறுக்கே கிடந்தாலும் தீ அதனூடே ஊரும். பாதுகாப்பில் நான்கும் வேண்டும்: காவல் பார்ப்பவர், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். கடைசிப் படியைப் பலர் எழுதாமலே விடுகிறார்கள். சுவாலை அடங்கியபின், கோட்டின் ஓரமாக உள்ளே நடந்து, புறங்கையைச் சாம்பலுக்கு மேலாகப் பிடித்துச் சூடு தேட வேண்டும். சூடு தெரிந்த இடத்தை மண்வெட்டியால் கிளறி, நீர் விட்டு, மறுபடி கிளறி, புறங்கை குளிரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.