கொடிக் கயிற்றில் கிளவுஸ்

மே 4, 2022

மழை. கிளவுஸ் பெட்டிக்குள் கை விட்டால் அட்டை தட்டுப்படுகிறது.

மே 5

ஹட்டனில் முதல் பார்மசியில் இல்லை. இரண்டாவதில் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, பிறகு வாறேன் என்று இறங்கிவிட்டேன். அண்ணிக்குத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது நாள் கூலி, 1000 ரூபாய். 100 கிளவுஸ் இருக்கிற பெட்டிக்காக அண்ணி எத்தனை நாள் கூடை சுமக்க வேண்டும் என்று பஸ்ஸில் கணக்குப் போட்டேன். நோர்வூட் தாண்டியதும் கணக்கை விட்டுவிட்டேன்.

மே 9

ஊரடங்கு. பிரதமர் ராஜினாமா என்று அண்ணன் வாசலில் நின்று கத்துகிறான். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் அது. இடுப்புக்குக் கீழே இருக்கிற புண் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவுதான், ஆனால் ஓரம் கறுத்திருக்கிறது. யார் ராஜினாமா செய்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பியாக வேண்டும்.

மே 11

கரண்ட் இருந்த நேரத்தில் போனில் தேடித் தேடி விடிந்துவிட்டது. கிளவுஸைக் கழுவிப் பாவிக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

2020-இல், கொரோனாவில் கிளவுஸுக்குத் தட்டுப்பாடு வந்த ஆஸ்பத்திரிகளுக்கு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், சி.டி.சி., சொன்னது இது: கையில் போட்டபடியே சானிடைசர் தேய்க்கலாம், ஆறு தடவை வரை. சோப்புத் தண்ணீர் என்றால் பத்து. குளோரின் கரைசல் என்றாலும் பத்து. நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இரத்தமோ அழுக்கோ பட்டால், கிழிந்தால், எறிந்துவிட வேண்டும். இவ்வளவும் கையை விட்டுக் கழற்றாத கிளவுஸுக்கு. கழற்றினதைத் திரும்பப் போடவே கூடாது.

அந்தக் கடைசி வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். நாலு மணித்தியாலம் கழற்றாமல் இருக்க நான் என்ன வார்டிலா நிற்கிறேன்? முதலில் யூரின் பை, பிறகு அடுப்பு, பிறகு அம்மாவின் முதுகு, பிறகு தேங்காய் திருவ வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் அதைவிடக் கறார். கழுவித் திரும்பப் பாவிக்கச் சோதித்து உறுதி செய்த முறை எதுவும் கிடையாது, ஆகவே வேண்டாம் என்கிறது.

சரி. அப்படியானால் நாளைக்கு எதைப் போடுவது?

மே 16

வெசாக் முடிந்தது, சிவனொளிபாத மலை ஏறுகிற சீசனும் முடிந்தது. நல்லதண்ணிப் பக்கம் கடைகளைக் கழற்றுகிறார்களாம். இனி மழைதான்.

சோப்பில் கழுவிய கிளவுஸ் அடுப்படிக் கொடியில் தொங்குகிறது. வெளிப்பக்கம் காய்ந்ததும் உள்பக்கத்தைத் திருப்ப வேண்டும், அதுதான் பெரிய வேலை. வாயால் ஊத அருவருப்பாக இருக்கிறது. மணிக்கட்டுப் பக்கத்தைப் பிடித்து வீசிக் காற்றை அடைத்து, சுருட்டிக்கொண்டே அழுத்தினால் ஒவ்வொரு விரலாகப் பொட் பொட்டென்று வெளியே வருகிறது. சுண்டுவிரல் மட்டும் வராது. அதற்குள் எப்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும்.

மே 18

காயவில்லை.

மே 19

காயவில்லை. அடுப்புக்கு நேர் மேலே கட்டு என்றார் அண்ணி. கட்டினேன். இப்போது கருவாட்டு வாசம்.

மே 24

கொரோனா நேரத்தில் பி.எச்.ஐ. ஐயா, சுகாதாரப் பரிசோதகர், எங்கள் லய வீடுகளுக்குக் கொடுத்த குளோரின் தூள் டின்னில் பாதி மிச்சம். ஈரம் பட்டுக் கட்டி பிடித்திருக்கிறது. 35 சதவீதப் புதுத் தூள் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 14 கிராம், அரை சதவீதக் கரைசல். இந்தக் கட்டியில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கும்? மூக்கை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

யூரின் பட்டதை அலசாமல் குளோரின் வாளிக்குள் போடக் கூடாது, கெட்ட வாயு கிளம்பும். அண்ணனின் மகளிடம் இரண்டு தடவை சொல்லி வைத்தேன். அவளுக்கு எதையாவது வாளியில் போடாவிட்டால் தூக்கம் வராது.

மே 30

தம்பி பியகமவிலிருந்து போன் எடுத்தான். அவன் கிளவுஸ் ஃபேக்டரியில் செக்கிங்கில் இருந்த காலத்தில் மாதிரிக்கு எடுத்த கிளவுஸில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்ப்பார்களாம். ஒரு சொட்டுக் கசிந்தாலும் கழிவு. "நீ கழுவினதில ஊத்திப் பாரு" என்றான்.

ஊற்றினேன். வயிறு உப்பி, விரலெல்லாம் தடித்து, பார்க்கவே பயமாக இருந்தது. முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், கவட்டில், ஒரு மினுக்கம். விரலால் துடைத்தேன், திரும்ப வந்தது. காய வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அங்கே ஓட்டையே தெரியவில்லை.

தண்ணீர் நின்றதாலேயே அது நல்லது என்று ஆகாது என்றும் சொன்னான். கிருமி தண்ணீர்ச் சொட்டைவிடச் சின்னது. தேவைதானா இந்தத் தகவல், இரவு ஒன்பது மணிக்கு?

ஜூன் 3

வெள்ளைக் கிளவுஸ் பிசுபிசுக்கிறது. அம்மாவின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தது. லேடெக்ஸுக்கு எண்ணெய் ஆகாது, ஊறி நைந்துவிடும். நீலம், நைட்ரைல், எண்ணெயை அதைவிடத் தாங்கும். நீலம் இரண்டு ஜோடிதான்.

ஜூன் 8

பழைய டிஸ்பென்சரியில் வேலை செய்த மாமா அம்மாவைப் பார்க்க வந்தார். கொடியைப் பார்த்தவர் அம்மாவைப் பார்க்க மறந்துவிட்டார்.

அவர் காலத்தில் கிளவுஸை எறிந்ததே இல்லையாம். சோப்பில் கழுவி, காற்றடைத்துத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்து, காய வைத்து, உள்ளே பவுடர் தூவி, ஜோடி ஜோடியாகத் துணியில் சுற்றி நீராவியில் அவித்து எடுப்பார்களாம். எனக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. இட்லிச் சட்டி இருக்கிறதே!

"அது தடிச்ச ரப்பர் புள்ள, அவிக்கத் தாங்கும். இது ஒருக்காப் போட்டு எறியத்தான் செஞ்சது" என்றார். பிறகு கேள்வி மேல் கேள்வி. முதுகு துடைக்க எதற்குக் கிளவுஸ்? தலை சீவ எதற்கு? சோறு ஊட்ட எதற்கு? புண் இல்லாத தோலைத் தொடக் கழுவின கை போதும். புண்ணுக்கு மருந்து கட்ட, பை மாற்ற, மலம் எடுக்க, அதற்கு மட்டும் புதுசு போடு, முடிந்ததும் எறி, பிறகும் கையைக் கழுவு. "நீ கிளவுஸக் கழுவுற நேரத்துக்குக் கையக் கழுவியிருந்தா அந்தப் பெட்டி இன்னும் கிடந்திருக்கும்."

அம்மா கட்டிலில் இருந்து சிரித்தது. கோணின வாயால் சிரித்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

ஜூன் 9

மாமாவுக்கு என்ன. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 12

எனக்கு அருவருப்பு இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. முதுகு துடைக்கக் கிருமிக்குப் பயந்து நான் கிளவுஸ் போடவில்லை. இன்று போடாமல் துடைத்தேன். தோள்பட்டையில் கூடைக் கயிறு அறுத்த தழும்பு, இத்தனை வருடமும் கண்ணில் படாதது, கையில் பட்டது. துடைத்து முடித்து நெடுநேரம் கை கழுவினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 17

கை வெடித்துவிட்டது. பச்சைத் தண்ணீரும் சட்டை சோப்பும். மருந்து கட்ட உப்புத் தண்ணீர் கலக்கும்போது உயிர் போகிறது. வெடித்த கைக்குக் கிளவுஸ் கட்டாயம் வேண்டும். அதாவது கிளவுஸை மிச்சம் பிடிக்கக் கை கழுவி, கை கழுவினதால் கிளவுஸ். மாமாவிடம் இதைக் கேட்க வேண்டும்.

ஜூன் 18

கேட்டேன். கழுவினதும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு வாஸ்லின் பூசு என்றார். வாஸ்லினும் லேடெக்ஸுக்கு ஆகாது என்றேன். "அப்ப ராவுக்குப் பூசு." அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

ஜூன் 28

ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல். அம்மா அத்தியாவசியமா என்று யாரிடம் கேட்பது?

ஜூலை 1

ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். அம்மாவின் யூரின் டியூப் மாற்ற வரும்போது ஸ்டெரைல் கிளவுஸ் ஒரு ஜோடி, ஏழாம் நம்பர், வெளியில் வாங்கிக்கொண்டு வரட்டாம். கோபப்பட நினைத்தேன். நர்ஸ் மிஸ்ஸின் குரலே களைத்துக் கிடந்தது.

கொடியில் தொங்குகிறவற்றை எடுத்து எறிந்தேன். இரண்டு நீலத்தை மட்டும் எறிய மனம் வரவில்லை. கக்கூஸ் கழுவ ஆகும்.

ஜூலை 9

லயமே அண்ணனின் போனைச் சுற்றி நிற்கிறது. ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் பையன்கள் குதிக்கிறார்கள். அம்மாவுக்கும் காட்டினோம். உற்றுப் பார்த்துவிட்டு, "தண்ணி குளிராதா?" என்று கேட்டது. இரண்டு மாதத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை.

புண்ணின் ஓரத்தில் சிவப்பு. நல்ல சிவப்பு என்கிறார் மாமா.

ஜூலை 12

தம்பி ஏழாம் நம்பர் ஜோடியைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டானாம். பஸ் அவிசாவளையில் டீசல் வரிசையில் நிற்கிறதாம். வியாழக்கிழமைக்குத் த்ரீவீல் பேசியாகிவிட்டது. பெற்றோல் கிடைத்தால் வருவேன் என்கிறான்.